பால்வெட்டுக்கு ஏற்ற நெற்றிவிளக்கு: ஒரு மதிப்புரை

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவருக்குக் கத்திக்கு அடுத்த கருவி விளக்குதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வெட்டு பெரும்பாலும் விடிவதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. இரவில் இலைகளின் வழியே நீர் ஆவியாவது குறைந்திருப்பதால், பட்டைக்குள் ஓடும் பால்குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முந்தைய வேளையில்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் தணிந்து பாலின் ஓட்டமும் குறைந்துபோகும். ஒருவர் ஒரே நாளில் முந்நூறு, நானூறு மரங்களை வெட்டி முடிக்க வேண்டியிருக்கும்போது, அந்த வேலையில் கணிசமான பங்கு இருட்டிலேயே நடந்தாக வேண்டும். ஒரு கை கத்தியைப் பிடிக்க, மற்றொரு கை அதை வழிநடத்துவதால் டார்ச் பிடிக்க மூன்றாவது கைக்கு வழியில்லை. விளக்கு நெற்றியில்தான் இருக்க வேண்டும்.

நான் இங்கே மதிப்பிடுவது, மார்த்தாண்டத்தில் ஒரு மின்பொருள் கடையில் 750 ரூபாய்க்கு வாங்கிய, இடுப்பில் பேட்டரி கட்டத் தேவையில்லாத, சார்ஜ் செய்துகொள்ளும் சிறிய ஹெட்லைட் ஒன்றை. இதே அமைப்பு பல பெயர்களில் சந்தையில் கிடைப்பதால், பெயரைக் காட்டிலும் அமைப்பைச் சொல்வதுதான் வாங்குகிறவருக்கு உதவும். நெற்றிப் பக்கத்துக் கூட்டில் நடுவே லென்ஸ் வைத்த வட்ட எல்.இ.டி. ஒன்று; அதற்குக் கீழே விரல் நீளத்துக்குப் படுக்கைவாட்டில் ஒரு பரவொளிப் பட்டை; ஓரத்தில் சிறிய சிவப்பு விளக்கு. தலையின் பின்பக்கம் ஒரு பேட்டரிப் பெட்டி. அதற்குள் 18650 வகை லித்தியம் பேட்டரி ஒன்று. இரண்டையும் இணைக்கும் மெல்லிய கம்பி, தலைப்பட்டையை ஒட்டி ஓடுகிறது. மொத்த எடை, எங்கள் வீட்டுச் சமையல் தராசில், 140 கிராம் காட்டியது.

சென்ற மழைக்காலத்திலிருந்து இதை எங்கள் தோட்டத்தில் பயன்படுத்தி வருகிறோம். வெட்டு வேலைக்கு இது வாங்கத் தகுந்த விளக்கு என்பதே என் முடிவு. ஆனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் காரணத்துக்காக அல்ல. பெட்டி தூரம் பாயும் வெளிச்சத்தைப் பற்றிப் பேசுகிறது. எங்களுக்குப் பயன்பட்டதோ பெட்டியில் ஒரு சிறிய படமாக மட்டும் காட்டியிருக்கும் அந்தப் பரவொளிப் பட்டை.

இதை விளங்கிக்கொள்ள, வெட்டு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்க வேண்டும். மரத்தின் பால்குழாய்கள் செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து ஏறுவதால், அதிகமான குழாய்கள் அறுபடும்படி வெட்டுக்கோடு இடது மேலிருந்து வலது கீழாக, ஒட்டுக்கன்று மரங்களில் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் போகிறது. குழாய்கள் மிக நெருக்கமாக இருப்பது கேம்பியம் எனப்படும் வளர்படலத்தை ஒட்டிய மென்பட்டையில். கத்தி அந்தப் படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றுவிட வேண்டும். அதற்கு முன்பே நின்றால் பால் குறையும். தாண்டிப் போனால் மரத்தில் காயம் விழும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தில் மீண்டும் வெட்ட வரும்போது கத்தி ஓட இடமில்லாமல் செய்துவிடும். ஆகவே வெட்டுகிறவருடைய கண் முழுவதும், தன்னிடமிருந்து ஒன்றரை இரண்டு அடித் தூரத்தில் இருக்கும் ஒரு கைச்சாண் அளவுப் பட்டையின் மேல்தான் இருக்கிறது. இருநூறு மீட்டர் பாயும் ஒளிக்கற்றையால் அங்கே என்ன பயன்?

பயன் இல்லை என்பது மட்டுமல்ல, கெடுதலும் உண்டு. லென்ஸ் வைத்த வட்ட விளக்கை அந்தத் தூரத்தில் எரியவிட்டால் பட்டையின் மேல் சிறிய, கண்கூசும் ஒரு வெளிச்ச வட்டம் விழுகிறது. வட்டத்துக்கு வெளியே இருட்டு. வெட்டுக்கோட்டின் தொடக்கம் தெரியும்போது முடிவு தெரிவதில்லை. பால் கசியத் தொடங்கியதும் அந்த ஈர வெண்மை ஒளியை முகத்துக்கே திருப்பி அடிக்கிறது. கண்பாவை சுருங்கிவிடுவதால், அடுத்த மரத்துக்கு நடக்கும்போது காலடித் தரை சில விநாடிகளுக்குத் தெரியாமல் போகிறது. எங்கள் தோட்டத்தில் நெடுங்காலமாக வெட்டிவரும் அண்ணாச்சி இந்த விளக்கைக் கட்டிப் பார்த்த முதல் நாளே, “வெளிச்சம் கூடிப்போனா பட்டை தெரியாது, பளபளப்புதான் தெரியும்” என்று சொல்லி வட்ட விளக்கை அணைத்துவிட்டார். பரவொளிப் பட்டையை அதன் தாழ்ந்த நிலையில் வைத்தால், வெட்டுக்கோடு முழுவதும், அதன் கீழே பால் வடியும் தகரமும் சிரட்டையும், ஓரக்கண்ணில் தன் கால்களும் ஒரே சீரான ஒளியில் தெரிகின்றன. இந்த வேலைக்கு இது போதும்.

நெற்றியிலிருந்து வரும் ஒளிக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. ஒளி கண்ணின் திசையிலிருந்தே புறப்படுவதால், பொருளின் மேல் விழும் நிழல் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. நிழல் இல்லாத இடத்தில் ஆழத்தை அளப்பது கடினம். ஒரு மில்லிமீட்டர் ஆழத்தைக் கணக்கில் வைத்து வெட்டுகிறவருக்கு இது சிறிய விஷயம் அல்ல. கூட்டை நெற்றியின் நடுவில் வைக்காமல் இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் இரண்டு விரல் தள்ளிக் கட்டிக்கொண்டால், வெட்டுப்பள்ளத்தின் விளிம்பு மெல்லிய நிழலாக விழுந்து ஆழம் நன்றாகத் தெரிகிறது. பேட்டரி பின்பக்கம் தனியாக இருப்பதால் முன்கூடு இலேசாக இருக்கிறது; அப்படித் தள்ளிக் கட்டினாலும் ஒரு பக்கம் இழுப்பதில்லை. பேட்டரியையும் முன்னாலேயே வைத்த விளக்குகளில் இதைச் செய்து பார்த்தால், குனிந்து நிமிரும்போதெல்லாம் கூடு புருவத்தின் மேல் சரிகிறது.

ஒளியின் நிறத்தில் இந்த விளக்கு எனக்கு முழு மனநிறைவைத் தரவில்லை. நீலம் கலந்த குளிர் வெண்மையாக எரிகிறது. வெளிப்பட்டையின் பழுப்பு, அதற்குள் இருக்கும் கடினப்பட்டையின் செம்மை, மென்பட்டையின் இளநிறம் ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாடு இந்த ஒளியில் மங்கலாகிறது. மலிவான வெள்ளை எல்.இ.டி.களில் சிவப்புப் பகுதி குறைவாக இருப்பதுதான் இதற்குக் காரணம். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு உண்டு. சூரிய ஒளிக்கு அது 100. நல்ல விளக்குகளின் பெட்டியில் அந்த எண்ணைக் குறிப்பிடுவார்கள். இதன் பெட்டியில் இல்லை. வாங்கும்போது கடையிலேயே சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கடையின் ஒளி படாத மூலையில் விளக்கை எரியவிட்டு உள்ளங்கையைப் பாருங்கள்: தோலின் செம்மை தெரிந்தால் அந்த விளக்கில் பட்டையின் நிறமும் தெரியும், கை வெளிறிச் சாம்பலாகத் தெரிந்தால் வேறொன்றைக் கேளுங்கள். அனுபவப்பட்ட கைக்கு வெட்டின் ஆழம் நிறத்தைவிடக் கத்தியின் உணர்விலேயே பிடிபடும் என்பதால் அண்ணாச்சி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாக வெட்டப் பழகுகிறவர்களுக்கு இது குறைதான் என்பேன்.

அடுத்து, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பற்றி. விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு பல்லாயிரம் லூமென் என்று போட்டிருக்கிறது. ஒற்றை 18650 பேட்டரியில், வெப்பத்தைக் கடத்த ஓர் உலோகத் துண்டுகூட இல்லாத பிளாஸ்டிக் கூட்டில், அந்த அளவு ஒளி வருவதற்கு வழியே இல்லை. கைவிளக்குகளுக்கும் நெற்றிவிளக்குகளுக்கும் ஆன்சி எஃப்.எல்.1 என்று ஒரு பொது அளவுமுறை 2009 முதல் இருக்கிறது. அதன்படி ஒளியின் அளவை விளக்கைப் போட்ட கணத்தில் எடுக்கக் கூடாது. அரை நிமிடம் கழிந்த பிறகே எடுக்க வேண்டும். எரியும் நேரம் என்பது, ஒளி அதன் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரம். பாயும் தூரம் என்பது, பரப்பில் விழும் ஒளி கால் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவுக்குக் குறைந்துபோகும் தூரம். அது ஏறக்குறைய தெளிந்த வானத்து முழுநிலவின் வெளிச்சம். அதாவது, இந்த முறையை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் நிறுவனம் “100 மீட்டர்” என்று போட்டாலும், அந்த நூறாவது மீட்டரில் நிலவொளி அளவுதான் கிடைக்கும். இந்த அளவுமுறையின் குறி எதுவும் இல்லாத பெட்டியில் உள்ள எண்ணை நம்பி விலையை முடிவுசெய்ய வேண்டாம். என்னுடைய விளக்கு உச்ச நிலையில் முதல் சில நிமிடங்கள் பிரகாசமாக எரிந்து, கூடு சூடாக ஆக மங்குகிறது. தாழ்ந்த பரவொளியில் அந்தச் சிக்கல் இல்லை. முழுச் சார்ஜில் இரண்டு நாள் வெட்டுக்குத் தாராளமாக வருகிறது.

பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிவதுதான் இந்த விளக்கில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். 18650 என்ற எண் அதன் அளவையே குறிக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். உலகம் முழுவதும் ஒரே அளவில் கிடைப்பதால், பேட்டரி தளர்ந்த அன்றைக்கே விளக்கைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. கூட்டுக்குள்ளேயே பேட்டரியை ஒட்டிவைத்த விளக்குகளுக்கு ஆயுள் அந்தப் பேட்டரியின் ஆயுள்தான். ஆனால் விளக்கோடு வந்த பேட்டரி நன்றாக இல்லை. அதன் உறையில், தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவாக, 9900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருந்தது. இந்த அளவுப் பேட்டரியில் நம்பகமான நிறுவனங்கள் தருவது பெரும்பாலும் 3500 எம்.ஏ.எச். அளவோடு நின்றுவிடுகிறது. எனவே அந்த எண் பொய் என்பதைத் தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் தேவையில்லை. அதை எடுத்துவிட்டு நல்ல நிறுவனத்தின் பேட்டரி ஒன்றைப் போட்ட பிறகுதான் மேலே சொன்ன இரண்டு நாள் கணக்கு கிடைத்தது. வாங்குகிறவர்கள் விளக்கின் விலையோடு நல்ல பேட்டரியின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இன்னொரு விவரம்: பாதுகாப்புச் சுற்று பொருத்திய பேட்டரிகள் சில மில்லிமீட்டர் கூடுதல் நீளமாக இருக்கும், இந்தப் பெட்டிக்குள் அவை நுழைவதில்லை. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது.

இடுப்பில் அமில பேட்டரியும் தலையில் விளக்குமாக, நடுவே முதுகில் ஓடும் கம்பியோடு வேலை செய்தவர்களுக்கு இந்த 140 கிராம் பெரிய விடுதலை. அந்தப் பழைய விளக்குகளில் ஒளி நீண்ட நேரம் நின்றது உண்மைதான். ஆனால் கம்பி கிளையில் மாட்டும், குனியும்போது இழுபடும், விளக்கோடு சேரும் இடத்தில் அடிக்கடி அறுந்துபோகும். இதிலும் கம்பி உண்டு. ஆனால் அது தலைப்பட்டையை விட்டு வெளியே வருவதில்லை. தலையின் உச்சி வழியே போகும் மூன்றாவது பட்டை ஒன்றும் தந்திருக்கிறார்கள். வியர்வையில் தலைப்பட்டை வழுக்கும் நாளில் பின்பெட்டி கழுத்துக்கு இறங்காமல் அதுதான் தாங்குகிறது, கழற்றிவிடாதீர்கள்.

கூட்டின் சாய்வைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பொதுவான மதிப்புரைகளில் இதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. ஒட்டுக்கன்று மரத்தில் வெட்டு முதலில் திறக்கப்படுவது தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில், நெஞ்சு மட்டத்தில். ஒவ்வொரு வெட்டும் பட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு எடுத்துக்கொண்டே போவதால், ஆண்டுக்கு ஆண்டு வெட்டுக்கோடு கீழே இறங்குகிறது. நெஞ்சு மட்டத்தில் தொடங்கிய வேலை, சில ஆண்டுகளில் முழங்கால் மட்டத்துக்கு வந்துவிடும். அங்கே விளக்கு தானாகக் கீழே பார்க்காவிட்டால், வெட்டுகிறவர் கழுத்தை வளைத்து ஒளியைக் கீழே கொண்டுபோக வேண்டும். முந்நூறு மரங்களுக்கு அப்படி வளைத்தால் மாலையில் கழுத்து என்ன ஆகும் என்பதை அந்த வேலை செய்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். இந்த விளக்கின் கூடு பற்களால் ஆன கீலில் படிப்படியாகக் கீழே சாய்கிறது. ஒவ்வொரு படியிலும் ‘டக்’கென்று நின்று, நடக்கும்போது அசையாமல் இருக்கிறது. தாழ்ந்த வெட்டுள்ள மரங்களில் கடைசிப் படிக்குச் சாய்த்துக்கொண்டால் கழுத்து நேராகவே இருக்கிறது. பற்கள் இல்லாமல் வெறும் இறுக்கத்தில் நிற்கும் கீல் உள்ள விளக்குகளை வாங்காதீர்கள். தளர்ந்ததும் அவை ஒவ்வொரு அடிக்கும் தலையாட்டத் தொடங்கிவிடும்.

கையை முன்னால் அசைத்தால் எரியவும் அணையவும் செய்யும் சென்சார் ஒன்றும் இதில் இருக்கிறது. பாலும் அழுக்கும் பட்ட கையால் பொத்தானைத் தொட வேண்டாம் என்பதுதான் இதன் நோக்கம், நோக்கம் நல்லதே. நடைமுறையில், நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைக்கும்போதெல்லாம் விளக்கு அணைகிறது. கத்தி பட்டையில் இருக்கும் நேரத்தில் முகத்துக்கு அருகே வந்த ஓர் இலை நுனி அதை அணைத்துவிட்டால், அது ஆபத்தும்கூட. நல்லவேளையாக, சென்சாருக்குத் தனிப் பொத்தான் உண்டு; அதைத் தொடாமல் விட்டால் சென்சார் வேலை செய்யாது. நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம். முதன்மைப் பொத்தானின் விளிம்பில் பால் பட்டு உறைந்துபோகிறது. அது காய்ந்த பிறகு, வெட்டுக்கோட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் போலவே நகத்தால் உரித்தெடுத்துவிடலாம். தின்னரோ பெட்ரோலோ போட்டுத் துடைத்தால் பிளாஸ்டிக் வெளுத்துவிடும்.

மழை இந்த மாவட்டத்தில் இரண்டு பருவத்திலும் பெய்கிறது. மரத்துக்குப் பிளாஸ்டிக் மழைக்காப்புக் கட்டி மழை நாட்களிலும் வெட்டுகிறவர்கள், விளக்குக்கும் அதே அளவு காப்புத் தேவை என்பதை மறக்கக் கூடாது. பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.4 என்று போட்டிருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்பதே அதன் பொருள், நீரில் மூழ்கினால் தாங்கும் என்பதல்ல. முன்கூடு இதுவரை தண்ணீர் விடவில்லை. பின்பெட்டியின் மூடிதான் பலவீனம். சார்ஜ் துளையை மூடும் ரப்பர் நாக்கு சரியாக அமராததால், ஒரு கனமழைக்குப் பிறகு உள்ளே ஈரக்கசிவைப் பார்த்தேன். பேட்டரியின் முனைகளில் துரு பிடிப்பது இப்படித்தான் தொடங்கும். இப்போது மழை நாளில் பின்பெட்டியின் மேல் தொப்பி போட்டுக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து, பேட்டரியை வெளியே எடுத்து உலரவிடுகிறோம். 750 ரூபாய் விளக்கில் இவ்வளவு கவனம் தேவைப்படுவது நியாயம்தான் என்று நினைத்தாலும், ரப்பர் நாக்கைச் சரியாகச் செய்யத் தயாரிப்பாளருக்குப் பெரிய செலவு ஆகியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

சிவப்பு விளக்கை வெட்டுக்குப் பயன்படுத்த முடியாது. அந்த ஒளியில் பட்டையின் நிறங்கள் எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் வெள்ளை ஒளிக்குப் பூச்சிகள் கூட்டமாக வந்து கண்ணில் விழும் இரவுகளில், மரங்களுக்கு இடையே நிற்கும்போதும் கத்தியைத் தீட்டும்போதும் அது உதவுகிறது; பெரும்பாலான பூச்சிகளுக்குச் சிவப்பு ஒளி சரியாகப் புலப்படாது. நடக்கும்போது மட்டும் மறக்காமல் வெள்ளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டத்தின் சருகில், சருகின் நிறத்திலேயே விரியன் வகைப் பாம்புகள் கிடக்கும். காலடியை அகலமாகக் காட்டும் வெள்ளைப் பரவொளிக்கு இணையான பாதுகாப்பு எதையும், நல்ல உயரமான ரப்பர் பூட்ஸைத் தவிர, எனக்குத் தெரியவில்லை.

சார்ஜ் செய்யும் துளை டைப்-சி. ஆனால் இரண்டு முனையும் டைப்-சி ஆக உள்ள புதிய கேபிளில் இது சார்ஜ் ஏறவில்லை. ஒரு முனை பழைய அகலமான யு.எஸ்.பி.யாக உள்ள கேபிளில்தான் ஏறுகிறது. மலிவான கருவிகள் பலவற்றில், சார்ஜருக்குத் தன்னை அடையாளம் காட்டும் இரண்டு சிறு மின்தடைகளை விட்டுவிடுவதால் இப்படி நேர்கிறது. விளக்கு பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுக்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

நீண்ட தூரம் பார்க்க வேண்டிய வேலைக்கு, அதாவது வயலில் பன்றிக் காவலுக்கோ மலைப்பாதையில் நடப்பதற்கோ, இது ஏற்றதல்ல. அதற்கு நல்ல லென்ஸ் வைத்த கைவிளக்கு வேண்டும். விடியற்காலையில் மல்லிகை பறிப்பவர்கள், பம்புசெட் பழுது பார்ப்பவர்கள், இரவில் மாடு கறப்பவர்கள் என்று கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு கையாலும் வேலை செய்கிற யாருக்கும் இந்தப் பரவொளி பொருந்தும். தோட்டத்தில் வெட்டுக்கு ஆள் வைத்திருக்கும் உரிமையாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விளக்கை வெட்டுகிறவரே வாங்கிக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். கத்தி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால் கெடுவது உங்கள் மரம். கால் பாம்பின் மேல் பட்டால் போவது அவருடைய உயிர். நல்ல பேட்டரியையும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் இரண்டுக்கும் ஓரளவு காப்புக் கிடைக்கிறது.

ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை உதிர்ந்து, புதுத்தளிர் முற்றும்வரை வெட்டு நிற்கும் காலத்தில் விளக்கும் சும்மா கிடக்கும். அப்போது பேட்டரியைப் பெட்டியிலிருந்து எடுத்து, முழுதாக ஏற்றாமலும் முழுதாக வடியவிடாமலும் பாதிச் சார்ஜில் வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். லித்தியம் பேட்டரிக்கு அதுவே உகந்த நிலை. தலைப்பட்டையைக் கழற்றி, வெந்நீர் இல்லாமல், சாதாரணத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கசக்கி நிழலில் உலர்த்தினால் எலாஸ்டிக் சீக்கிரம் தளராது. மறுபடி வெட்டுத் திறப்பதற்கு முந்தைய நாளே சார்ஜ் ஏற்றி, இரவில் அரைமணி நேரம் எரியவிட்டுப் பார்த்துவிடுங்கள்.